பதினோராம் பாத்தி

ஹெப்பாள மேம்பாலத்தில் வண்டிகள் ஊரும் நேரத்தில்
நான் புள்ளிகளுக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கிறேன்.
விதைப்பவர் வேறு, அறுப்பவர் வேறு.
வரைபடம் வரையும் மென்பொருள் மட்டும் என் பாடு.

கிடையில் வயலில் அளந்தது,
நெடுக்கில் கணினி கணித்தது,
நடுவே மூலைக்கு மூலை ஒரு கோடு.
கோட்டின்மேல் உட்கார்ந்த புள்ளி
சொன்ன சொல் தவறாத கணிப்பு.
மேலே ஏறினால் மிகை, கீழே சரிந்தால் குறை.
அவ்வளவுதான் சாஸ்திரம்.

இன்றைய படம், கேழ்வரகு கதிர் தள்ளிய நாள்.
இருபத்துநான்கு பாத்தி, இருபத்துநான்கு புள்ளி.
இருபத்துமூன்று பேர் கோட்டை ஒட்டி
ரேஷன் கடை வரிசைபோல் கொஞ்சம் முன்னே பின்னே.
ஒருவர் மட்டும் வலப்பக்கம், அடியில்,
கடைசி பஸ் போனபிறகும்
நிறுத்தத்தில் நிற்பவரைப் போல.

"அதைத் தூக்கிடுங்க" என்றார் ஹொன்னேகவுடா.
"அது இல்லாவிட்டால் பிழை நாலு நாள்.
இருந்தால் ஏழரை."
ஏழரை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கன்னடத்துச் சனிக்கும் அதே ஏழரைதான்.
அவர் சிரிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேண்டும்.

சுட்டியைப் புள்ளிமேல் நிறுத்தினால்
சின்னப் பெட்டி ஒன்று திறக்கும்.
யாரும் கேட்காமல் போன மாதம் நான் சேர்த்த வசதி.
பாத்தி பதினொன்று.
விதைப்பு ஜூலை இருபத்துநான்கு.
கணித்தது எழுபது நாள்.
அளந்தது நூற்றொன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
கன்னட எழுத்து இரண்டே இரண்டு:
தீப.

யார் இந்தத் தீபா?
ஊழியர் பட்டியலில் இல்லை.
பயிற்சிக்கு வந்த மாணவியோ,
அளக்கத் தெரியாமல் அளந்தவளோ
என்று அரைமணி நேரம்
இல்லாத ஒருத்தியைக் குற்றம் சொன்னேன்.

வயல் நோட்டை எழுதுகிற புட்டலிங்கம்மாவைக் கேட்டால்
பதில் சொல்லவில்லை. "ஏழு மணிக்கு வாங்க."

போனேன்.
சுற்றுச்சுவருக்கு அப்பால்
மே மாதம் நட்ட உயரக் கம்பம்.
வெளிச்சம் சுவரைத் தாண்டிக் குதித்து
சரியாகப் பதினோராம் பாத்தியில் விழுந்தது.
பன்னிரண்டாவதில் ஆள் தெரியாத இருட்டு.
பதினொன்றில்
என் செருப்பின் வார் அறுந்திருப்பதுகூடத் தெரிந்தது.

கேழ்வரகு பகலை எண்ணுவதில்லை.
இருட்டைத்தான் எண்ணும்.
போதுமான அளவு நீண்ட இரவு வந்தால்
கதிர் தள்ளலாம் என்று அதற்கொரு கணக்கு.
இங்கே இரவே தொடங்கவில்லை.
இலைக்கு மேல் இலை விட்டுக்கொண்டு
அது பாட்டுக்குக் காத்திருந்தது.

கணினிக்கும் இரவு தெரியும்.
வடக்கே பதின்மூன்று பாகை, ஒரு தேதி,
சூரியன் இறங்கினால் இருள். முடிந்தது.
வானிலைக் கோப்பில்
மழைக்கு ஒரு பத்தி, வெயிலுக்கு ஒன்று,
உச்ச வெப்பத்துக்கும் தாழ்வுக்கும் ஒவ்வொன்று.
மாநகராட்சிக்குப் பத்தி கிடையாது.

"எந்தப் பத்தியில் போடுவது?"
மறுநாள் ஹொன்னேகவுடாவும் அதையேதான் கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.
புள்ளியை அழிக்காமல் உள்ளே வெறுமையாக்கினேன்,
விளிம்பு மட்டும் கறுப்பு.
அடியில் ஒரு வரி: சுவரோர விளக்கு.
பிழை ஏழரை என்றே அச்சாயிற்று.
அவர் இரண்டு முறை படித்து,
இரண்டு முறை பெருமூச்சு விட்டு,
கையெழுத்துப் போட்டார்.

புட்டலிங்கம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.
வெறும் வட்டத்தின்மேல் விரலை வைத்து
"பாவம், தூக்கமே இல்லை அதுக்கு" என்றவள்
திரும்பி என் கண்ணுக்குக் கீழே
ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த பக்கம், மகசூல் படம்.
பிந்தி வந்த மழை பிந்திய கதிருக்கு வாய்த்ததோ என்னவோ,
பதினோராம் புள்ளி
கோட்டின்மேல், மயிரிழை பிசகாமல்
அச்சடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது.

அதைப் பற்றி
யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.